மெட்ச் நாளில் கட்டிய வெள்ளைக் கொடிகள்

எங்கள் லேனின் அகலம் பதின்மூன்று அடி. நாடா பிடித்து நானே அளந்தேன். ஒரு பக்கம் கார் நின்றால் முச்சக்கர வண்டி தாராளமாகப் போகும். இரண்டு பக்கமும் நின்றால் நடுவில் மிஞ்சுவது ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற இடம்தான். லேனில் வீடுகள் ஒன்பது. எங்களுடையது மேலே, கடைசியில். அதற்கப்பால் மலைச்சரிவு. எங்களுக்கு வெளியே போக உள்ள ஒரே வழி, இறக்கத்தில் நேரே பெரிய வீதிக்கு. அந்த வீதியின் மறுபக்கத்தில் ரக்பி மைதானம்.

வீடு வாங்கும்போது மைதானத்தை நான் ஒரு குறையாக நினைக்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவன் நான். அங்கே யாருக்கும் நெஞ்சு வலித்தால் கொழுந்து லொறியைத்தான் பிடிக்க வேண்டும்; பள்ளத்திலும் மேட்டிலும் குலுங்கிக்கொண்டு போவதற்குள் வலியோ ஆளோ முடிந்துவிடும். அதனால்தான் ஓய்வு பெற்றதும் கண்டி டவுனுக்குள்ளேயே வந்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். “அவசரம்னா பத்து நிமிசத்துல ஆஸ்பத்திரி” என்று என் மனைவியிடம் கணக்குச் சொன்னேன். அவள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தவள். “ஒங்க கணக்கு எப்பவும் சரியாத்தான் இருக்கும். ஒலகம்தான் தப்பு தப்பா நடக்கும்” என்றாள்.

அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்ட பிறகு அந்தப் பத்து நிமிடம்தான் எங்கள் வாழ்க்கை என்று ஆகிவிட்டது. கிழமைக்கு இரண்டு நாள் டயலிசிஸ்: செவ்வாய், சனி. செவ்வாய் காலையில். சனி பிற்பகலில். மெஷின்கள் குறைவு, நோயாளிகள் அதிகம். ஒருவருக்கு ஒதுக்கிய நேரத்தில் அவர் வரவில்லை என்றால் வராந்தாவில் காத்திருக்கிற அடுத்தவரை ஏற்றிவிடுவார்கள். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. காத்திருப்பவரும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருப்பார்.

ரக்பிப் பருவம் தொடங்கினால் மெட்ச் நடப்பதும் சனி பிற்பகலில்தான்.

மைதானத்துக்குள் வாகனத் தரிப்பிடம் என்று கோடு போட்ட இடங்களை ஒருநாள் மாலை நடையாகப் போய் எண்ணினேன். அறுபத்திரண்டு. இன்னொரு நாள், மெட்ச் அன்று, வாசலுக்குள் நுழைகிற ஆட்களை எண்ணத் தொடங்கி எழுநூறோடு அலுத்து நிறுத்தினேன். மிச்சப் பேர் தங்கள் வண்டிகளை எங்கே வைப்பார்கள்? கண்டி நகரம் மலைகளுக்கு நடுவே இருக்கிற கிண்ணம். சமதரை இருக்கிற இடத்தில் எல்லாம் ஏற்கெனவே யாராவது கடை போட்டிருப்பார்கள். ஆகவே பக்கத்துச் சந்துகளில் ஏறுவார்கள். கோவில் வாசலை மறிப்பார்கள், பேக்கரி வாசலை மறிப்பார்கள், எங்கள் லேனுக்குள் வரிசையாக ஏறி வந்து, ஒரு பக்கம் நிறைந்ததும் மறு பக்கம் நிறுத்துவார்கள். முன் கண்ணாடிக்குள் ஒரு துண்டுக் கடதாசியில் தங்கள் போன் நம்பரை எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். அந்தக் கடதாசி வைத்ததோடு தங்கள் பொறுப்பு முடிந்தது என்று எல்லோரும் நம்புகிறார்கள்.

அந்தப் பருவத்தின் முதல் சனிக்கிழமை அப்படித்தான் சாம்பல் நிறக் கார் ஒன்று எங்கள் கேட்டை ஒட்டி நின்றது. அதற்குக் கீழே, இரு பக்கமுமாக, பத்தொன்பது வண்டிகள். எங்களை எப்போதும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற முச்சக்கர வண்டிக்காரர் நாலாவது வீட்டில் இருக்கிற முஸ்லிம். நாற்பது தாண்டியவர், நல்ல பலசாலி. அவருடைய வண்டி அவர் வீட்டுக் கொட்டிலுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தது.

சாம்பல் நிறக் காரின் நம்பருக்கு நான் பதினேழு தடவை அழைத்தேன். போன் அடித்தது; எடுக்கவில்லை. எப்படி எடுப்பான்? கீழே மைதானத்தில் இருந்து மேளமும் கூச்சலும் எழும்பி என் காதையே அடைத்தது. மனைவி கேட்டருகே கதிரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை, பைக்குள் போர்வை, தண்ணீர்ப் போத்தல்.

“நடந்து எறங்கிருவோமா?” என்றாள்.

நாலு எட்டு வைத்தாள். இரண்டு கார்களுக்கு இடையில் அவளால் ஒருக்களிக்க முடியவில்லை, கால்கள் வீங்கியிருந்தன. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

மெட்ச் முடிந்து காரின் சொந்தக்காரர் வந்தார். தொப்பியில் பழைய மாணவர் சங்கத்துச் சின்னம், முகத்தில் வெற்றிக் களை. யாழ்ப்பாணத்துப் பேச்சு.

“ஐயோ, மன்னிச்சுக் கொள்ளுங்கோ ஐயா. போனைப் பொக்கெற்றுக்குள்ள வைச்சனான், கேக்கேல்லை. கொஞ்ச நேரம்தானே எண்டு நினைச்சன்.”

“ஒங்களுக்குக் கொஞ்ச நேரம்” என்றேன். அவர் என் மனைவியைப் பார்த்தார், பையைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது இருப்பேன்.

அவளுடைய முறை போய்விட்டது. செவ்வாய் வரை பொறுக்க வேண்டியதாயிற்று. அந்த இரவுகளில் அவளால் படுக்க முடியவில்லை. தண்ணீர் நெஞ்சுக்கு ஏறி, கதிரையில் சாய்ந்தபடியே மூச்சுக்கு இழுத்தாள். இன்னொரு சனிக்கிழமை இப்படித் தவறினால் இருதயம் தாங்காது என்று டொக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

அடுத்த சனியன்று மெட்ச் வேறு ஊரில். அதற்கு அடுத்தது, கண்டியின் இரண்டு பெரிய பாடசாலைகள் மோதுகிற நாள். அன்றைக்குக் கடுகண்ணாவையில் இருந்தும் மாத்தளையில் இருந்தும் வண்டி வரும். பொலிசுக்குப் போய்ச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டார்கள், பெரிய வீதிக்கே ஆள் போதவில்லை என்றார்கள். லேன் முனையில் இரண்டு பூச்சாடிகளை வைத்துப் பார்க்கலாம் என்று வண்டிக்காரரிடம் சொன்னேன்.

வண்டிக்காரர் சிரித்தார். “பூச்சாடிய தூக்கி ஓரத்தில வெச்சிட்டு வருவானுகள் ஐயா. நல்ல பண்பான ஆக்கள், ஒடைக்க மாட்டானுகள். நீங்க யோசிக்காதீங்கொ. நான் ஒரு வேல செய்றேன்.”

என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. அவர் ஏதோ கூட்டாளிமாரைக் கூட்டி வந்து முனையில் நிற்கவைக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் லேனுக்கு ஒரு மரண உதவிச் சங்கம் உண்டு. சிங்கள வீடு ஐந்து, தமிழ் வீடு மூன்று, முஸ்லிம் வீடு ஒன்று, எல்லோரும் அங்கத்தவர்கள். ஒரு வீட்டில் மரணம் என்றால் சங்கத்துத் தகரப் பெட்டி வெளியே வரும். அதற்குள் வெள்ளைப் பொலித்தீன் கொடிகள் கோத்த கயிறுகள். லேன் முனையில் இருந்து செத்த வீட்டு வாசல்வரை மின்கம்பத்துக்கு மின்கம்பம் அவற்றைக் கட்டுவோம். அந்தக் கொடியைக் கண்டால் கண்டியில் யாரும் ஹோர்ன் அடிக்க மாட்டார்கள். ரேடியோவைக் குறைப்பார்கள். சவ வண்டி வர வேண்டும் என்று பாதையை விட்டு வைப்பார்கள். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்வதில்லை. கொட்டில் பெரிதாக இருப்பதால் அந்தப் பெட்டி வண்டிக்காரர் வீட்டில்தான் இருந்தது.

பெரிய மெட்ச் அன்று காலை நான் கேட்டுக்கு வந்தபோது, லேன் முழுக்க வெள்ளைக் கொடிகள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. ஐந்து கம்பம், ஐந்து கயிறு. கடைசிக் கயிற்றின் நுனி எங்கள் கேட்டில் கட்டியிருந்தது.

உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தேன். அவள் குசினியில் நின்று மருந்து விழுங்கிக்கொண்டிருந்தாள். திரும்ப வெளியே வந்தேன்.

வண்டிக்காரர் ஏணியோடு நின்றார்.

“என்ன வேல இது? அவுங்க இன்னும் உசிரோட இருக்காங்க!”

“உசிரோட ஈக்கத் தானே ஐயா கட்டின” என்றார் அவர். “பொலிஸ் சொல்லி ஏலா, பூச்சாடி வெச்சு ஏலா. மனுசன் இந்த ஒண்ணுக்குத் தான் ஒதுங்குற.”

“கழட்டுங்க. இப்பவே கழட்டுங்க.”

அவர் ஏணியைத் தூக்கவில்லை. கீழே கை காட்டினார். ஒரு நீல வான் முனையில் திரும்பி ஏறத் தொடங்கியது. கொடியைக் கண்டதும் நின்றது. ஓட்டியவர் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். வானுக்குள் பாட்டு நின்றது. மெதுவாகப் பின்வாங்கி, போய்விட்டது. அடுத்து ஒரு கார். அதுவும் அப்படியே.

நான் கேட்டில் கட்டியிருந்த முடிச்சில் கை வைத்தபடி நின்றேன். அவிழ்க்கவில்லை. திரும்பிப் போன வண்டிகளை எண்ணினேன். நாங்கள் புறப்படும் நேரத்துக்குள் முப்பத்தொன்று. லேனுக்குள் ஒன்றுகூட இல்லை. பதின்மூன்று அடியும் வெறுமையாகக் கிடந்தது. அதைப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது. முடிச்சில் இருந்து கையை எடுத்துவிட்டேன்.

மனைவி பையோடு வெளியே வந்தாள். மேலே பார்த்தாள்.

“யாரு வீட்டுல?” என்றாள் பதறி. “எதிர்த்த வீட்டுப் பெரியவருக்கா? நேத்தும் பேசினாரே!”

வண்டிக்காரர் ஹேண்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். அவள் கயிற்றைக் கண்ணால் பிடித்துக்கொண்டே வந்து, அது எங்கள் கேட்டில் முடிவதைக் கண்டாள். பிறகு வெறும் லேனைப் பார்த்தாள். அவளுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“நான் இன்னும் வண்டியிலயே ஏறல” என்றாள். “அதுக்குள்ள கொடியேத்திட்டீங்களா?”

“மன்னிச்சுக்கொள்ளுங்கொ அம்மா.”

“மன்னிப்பு இருக்கட்டும். அந்த மூணாவது கம்பத்துல கயிறு தொங்குது பாருங்க. கட்றதத்தான் கட்டினீங்க, இழுத்துக் கட்டக் கூடாதா? பெரிய லொறி வந்தா மாட்டும்.”

அவர் உண்மையாகவே ஏணியை எடுத்துக்கொண்டு போய் இழுத்துக் கட்டினார். நாங்கள் கொடிகளுக்குக் கீழே இறங்கினோம்.

பெரிய வீதியில் எதுவும் அசையவில்லை. பஸ்களின் கூரையில் பையன்கள், கையில் பாடசாலைக் கொடிகள், மேளம், பப்பறை வாத்தியம். இருபது யார் போவதற்குள் வண்டி ஆறு தடவை நின்றது. எனக்கு வியர்த்தது. வண்டிக்காரர் சட்டைப் பையில் இருந்து சுருட்டிய பொலித்தீன் ஒன்றை எடுத்தார். வெள்ளைக் கொடி. பக்கக் கண்ணாடியில் செருகினார்.

“வேணாம்” என்றேன்.

“நீங்க சும்மா இரிங்கொ ஐயா” என்றார், கொஞ்சம் கடுமையாகவே.

சந்தியில் நின்ற போக்குவரத்துப் பொலிஸ்காரர் கொடியைக் கண்டார். குனிந்து வண்டிக்குள் பார்த்தார். என் மனைவியின் முகம் ஊதி, வெளிறி, கண் சிவந்திருந்தது. அழுதிருக்கிறாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் விசிலை ஊதி, எதிரே வந்த பஸ்ஸை நிறுத்தி, எங்களை வலப்பக்கத்தால் விட்டார். பஸ் கூரையில் மேளம் நின்றது. ஒரு பையன் தொப்பியைக் கழற்றினான். அத்தனை பேரும் எங்களுக்காக அமைதியாக இருந்த அந்த நேரம் எனக்கு மிக நீளமாக இருந்தது. மனைவி சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். பொய்க்கு உடந்தையாகவா, வெட்கத்திலா, நான் கேட்கவில்லை. மணிக்கூட்டுக் கோபுரம் தாண்டியதும் கையை நீட்டிக் கொடியைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். முறை தவறவில்லை. நாலு மணித்தியாலம் மெஷினில் இருந்தாள். நான் வராந்தாவில் போட்டிருந்த நீள வாங்கு ஒன்றில் உட்கார்ந்து, வாங்கு வாங்காக ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது மெட்ச் முடிந்து சனம் கலைந்திருந்தது. எங்கள் கேட்டடியில் ஆட்கள் நின்றார்கள். அவளோடு படிப்பித்த டீச்சர்மார் மூன்று பேர், அம்பிட்டியவில் இருந்து அவளுடைய சித்தப்பா மகன், எதிர்வீட்டுப் பெரியவர். மெட்ச் பார்க்க வந்த, எங்களைத் தெரிந்த யாரோ, கொடி எங்கள் கேட்டில் முடிவதைக் கண்டு போன் செய்திருக்கிறார்கள். பெரியவர் தன் வீட்டில் இருந்து பிளாஸ்டிக் கதிரைகள் பன்னிரண்டை எங்கள் முற்றத்தில் அடுக்கியிருந்தார்; நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்து உடலை எடுக்கப் போயிருப்பதாக நினைத்திருக்கிறார். ஒரு டீச்சர் கையில் சீனிப் பை.

என் மனைவி வண்டியில் இருந்து இறங்கினாள்.

சீனிப் பை டீச்சர் “ஆ” என்று கத்தி வாயைப் பொத்தினாள். பிறகு அழுதாள். பிறகு கோபப்பட்டாள். “என்ன டீச்சர் இது! வெளையாட்டா? வர்ற வழியெல்லாம் ஒங்களப் பத்தி என்ன பேசணும்னு யோசிச்சுக்கிட்டு வந்தேன்.”

“அப்ப பேசுங்க” என்றாள் என் மனைவி, ஒரு கதிரையில் உட்கார்ந்து. “எனக்கும் கேட்க ஆசையாத்தான் இருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள், கொண்டுவந்த சீனியிலேயே தேத்தண்ணீர் போட்டுக் குடித்தார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. சிங்களத்தில் என்னிடம் மெல்லச் சொன்னார்: “மாத்தயா, அந்தத் தகரப் பெட்டி எல்லோருக்கும் பொது.” அவர் கதிரைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துப் போனார். நானும் கூடத் தூக்கினேன்.

எல்லோரும் போன பிறகு மனைவி கேட்டாள்: “அஞ்சு பேருதானா வந்தாங்க?”

இத்தனை வருடத்தில் அவள் எதையும் எண்ணி நான் பார்த்ததில்லை.

“மெட்ச் நாள்” என்றேன். “வண்டி நிறுத்த எடம் இருந்திருக்காது.”

“ஆமாமா” என்றாள். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த கொடியை எடுத்து, அதன் சுருக்கத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு கொடி கட்ட வேண்டாம் என்று அவளே வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டாள். ஆனால் கதை எங்களுக்கு முன்னால் ஓடிவிட்டது. கண்டியில் ஒரு தந்திரம் பலித்தால் அது எத்தனை வீட்டுக்குத் தெரியவரும் என்று எண்ண என்னாலும் முடியாது. அடுத்த மெட்ச் அன்று மைதானத்தைச் சுற்றி மூன்று சந்துகளில் வெள்ளைக் கொடிகள். அதற்கு அடுத்ததில் ஏழு. கார்க்காரர்கள் முதலில் தயங்கினார்கள். பிறகு ஒருவர் இறங்கி, “யாருக்கு மரணம்?” என்று கேட்டார். பிறகு கேட்பதையும் விட்டுவிட்டு நிறுத்தினார்கள்.

பருவம் முடிவதற்குள் எதிர்வீட்டுப் பெரியவர் இறந்துபோனார். தூக்கத்தில், அமைதியாக. வண்டிக்காரர் தகரப் பெட்டியை எடுத்து ஐந்து கயிறும் கட்டினார், முறுக்கமாக, தொங்காமல். அடக்கம் சனிக்கிழமை. மெட்ச் இருந்தது. கொடிகளுக்குக் கீழே வண்டிகள் ஏறி வந்தன, ஒரு பக்கம், பிறகு மறு பக்கம். நானும் வண்டிக்காரரும் முனையில் நின்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னோம். “உண்மையான செத்த வீடு” என்று சொல்ல வேண்டிவந்தது. சிலர் திரும்பினார்கள். சிலர் எங்களை ஒருமாதிரிப் பார்த்துச் சிரித்துவிட்டு மேலே ஏறினார்கள்.

சவ வண்டி லேனுக்குள் வர முடியவில்லை. சவப்பெட்டியைத் தோளுக்கு மேலே, கார்களின் கூரைகளுக்கு மேலே, கைமாற்றிக் கைமாற்றி இறக்கினோம். வண்டிக்காரர் முன்னால் ஒருக்களித்து நடந்தார், முகம் கறுத்திருந்தது. இருபத்திரண்டு வண்டிகளைத் தாண்டிப் போனார் அந்தப் பெரியவர்.

அன்று என் மனைவிக்கும் டயலிசிஸ். மெட்ச் உள்ள சனிக்கிழமைகளில் நாங்கள் இப்போது, முதல் கார் ஏறும் முன்பே, காலையிலேயே புறப்பட்டுப் போய்விடுகிறோம். அவளை வாங்கில் உட்கார வைத்து முறை வரும்வரை காத்திருப்போம். முதுகு வலிக்கிறது என்பாள், சுவரோடு சாய்த்துவிடுவேன். அன்று அவளை அப்படி விட்டுவிட்டுத்தான் நான் அடக்கத்துக்கு ஓடிவந்தேன். திரும்பிப் போனபோது மெஷினில் இருந்தாள். எப்படி நடந்தது என்று கேட்டாள். உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

கண்ணை மூடிக்கொண்டாள்.

“எனக்கு ஒரு செவ்வாக்கிழமையாப் பாத்துக்கங்க” என்றாள்.

நான் சரி என்றேன். அவள் கை ஊசியோடு அசையாமல் கிடந்தது. குழாயில் இரத்தம் போய் வருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று நான் எதையும் எண்ணவில்லை.